கை, பல், நெற்றி

முருகன் துணை.

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிட்னி ஆஸ்பத்திரிக்குப் போன மாதம் போயிருந்தேன். எனக்கு பிரஷர் பார்க்கத்தான். அங்கே ஒருவர், மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர், காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ரிசல்ட் செல்போனுக்கே வந்துவிடும் என்றார். முகம் வழுவழு என்று இருந்தது. மருந்தும் இப்போது வேறு, சின்ன மாத்திரை.

"உங்க காலத்துல எப்படி அண்ணாச்சி?" என்று அங்கிருந்த நர்ஸ் பிள்ளை கேட்டது. சொல்ல ஆரம்பித்தேன். பிரஷர் பார்க்க வந்ததே மறந்துபோயிற்று. "இதை அப்படியே நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றது அந்தப் பிள்ளை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்துக்குக் கீழே வயல் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பாளையங்கோட்டையில் கிட்னிக்கென்று தனி ஆஸ்பத்திரி திறந்தபோது அட்டெண்டராகச் சேர்ந்தேன். தரை துடைத்தேன், ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். மூன்று மாதம் லேபில் நிறுத்தி ரத்தம் எடுக்கப் பழக்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத நரம்பும் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. அது முருகன் கொடுத்தது, நான் படித்து வந்ததில்லை. ஊசி போடும்முன் வாய்க்குள் "முருகா" என்று சொல்லிக்கொள்வேன். நாளடைவில் நோயாளிகள் அதைத் தெரிந்துகொண்டு, நான் "மு" என்று ஆரம்பித்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்கள்.

தொண்ணூறுகளில் மாற்றுச் சிறுநீரகம் வைக்கிற ஆபரேஷனை மதுரையிலோ சென்னையிலோ செய்துகொண்டு, பின்னால் பார்த்துக்கொள்வதற்கு எங்களிடம் வருவார்கள். புதிதாக வந்த கிட்னியை உடம்பு அந்நியன் என்று நினைத்து அடித்து விரட்டப் பார்க்கும். அப்படி விரட்டாமல் உடம்பை அடக்கி வைக்கிற மருந்துக்குப் பெயர் சைக்ளோஸ்போரின். எங்களிடம் வந்தது மஞ்சள் எண்ணெய் மாதிரியான திரவம். வாடை ஆளைத் தூக்கும். பாட்டிலோடு வரும் உறிஞ்சு குழாயில் கோடு பார்த்து எடுக்க வேண்டும். பாலில் விட வேண்டும். பால் கண்ணாடி கிளாஸில்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் என்றால் மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கலக்கின உடனே குடிக்க வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் பால் விட்டு, கிளாஸை அலசி, அதையும் குடிக்க வேண்டும்.

இந்த மருந்து கூடினால் கிட்னியையே கெடுக்கும். குறைந்தால் உடம்பு கிட்னியை விரட்டும். நடுவில் இருக்கிற பாதை வரப்பு மாதிரி ஒடுக்கமானது. அதற்காகத்தான் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. முந்தின நாள் ராத்திரி மருந்து குடித்து, சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மருந்து குடிக்காமல் வர வேண்டும். நான் ரத்தம் எடுத்து, குப்பியைக் குலுக்காமல் பைய எட்டுத் தடவை சாய்த்து நிமிர்த்தி, பஞ்சு சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, சைக்கிளில் ஜங்ஷனுக்குக் கொண்டுபோவேன். சென்னைக்குப் போகிற கூரியர்காரர் வாங்கிக்கொள்வார்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் காப்பியா?" என்பார்.

"வழியில குடிச்சுத் தொலைச்சிராதேயும் வே!" என்பேன்.

மூன்று நாள் கழித்து போனில் ஒரு எண் வரும். அந்த மூன்று நாளும் நோயாளியை விட்டுவிட முடியாதே. அதனால் எங்கள் பெரிய டாக்டர் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார்.

அவர் ஒல்லியான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. "வாங்க" என்று சொல்வார், அதற்கு மேல் முகத்தைப் பார்க்க மாட்டார். "கையை நீட்டுங்க." பத்து விரலையும் விரித்து நீட்ட வேண்டும். மேலே ஒரு தாளை வைப்பார். தாள் படபடத்தால் நடுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். "பல்லைக் காட்டுங்க." ஈறு வீங்கிப் பல் மேல் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில் ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி நெற்றியைப் பார்ப்பார். அந்த மருந்து குடிப்பவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் மேலுதட்டிலும் பூனைமுடி முளைக்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் அது நன்றாகத் தெரியும். கை, பல், நெற்றி. மூன்றும் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். "இசக்கி, ரத்தம் சென்னைக்குப் போய்த் திரும்பணும். நெத்தி இங்கயே இருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசிய நீளமான பேச்சு அந்நாள்வரை அதுதான்.

முடி முளைத்ததற்குச் சந்தோஷப்பட்டவர் ஒரே ஒருவர்தான். மேலப்பாளையத்தில் கைலிக் கடை வைத்திருந்த பாய். அவருக்குத் தாடி எப்போதும் நாலு இழைதான். மருந்து ஆரம்பித்து நாலு மாதத்தில் கருகரு என்று நெஞ்சுவரை இறங்கிவிட்டது. "அல்ஹம்துலில்லா! நாப்பது வருசமா துஆ கேட்டது இப்பத்தான் வந்து சேந்திருக்கு, வே" என்று தாடியை நீவிவிட்டுக்கொள்வார். கை நடுக்கத்தில் டீ பாதி சாசரில் சிந்திவிடும். "இருக்கட்டும், ஆறினது குடிக்க லேசு" என்று சாசரோடு எடுத்துக் குடிப்பார். அவர் வருகிற நாளில் வார்டே கலகலப்பாக இருக்கும்.

எல்லாருக்கும் அப்படி முடியுமா? கோமதிக்கு முடியவில்லை.

கோமதி ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பிள்ளை. பால்வாடி டீச்சர். அப்போது இருபத்தாறு வயது. அப்பா இல்லை. அம்மா பேச்சியம்மாள் வாழைத் தோட்டத்தில் வேலை பார்த்து வளர்த்தவள். மகளுக்கு இரண்டு கிட்னியும் போனபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவளும் அவள்தான். ஆபரேஷன் முடிந்து எங்களிடம் வந்த முதல் நாளே, மருந்து கலக்குகிற முறையை நான்தான் பேச்சியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

"யம்மா, எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் டம்ளர் எதுவும் வேண்டாம். கண்ணாடி கிளாஸ் ஒண்ணு வாங்கிக்கிடுங்க. இந்த மருந்துதான் கிட்னிக்குச் சாப்பாடு. வேளை தவறப்பிடாது. பட்டினி போட்டுட்டீகன்னா கிட்னி கோவிச்சுக்கிடும்" என்றேன். படிக்காதவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த தடவை வந்தபோது பேச்சியம்மாள் கிளாஸைக் காட்டினாள். நீலப்பூ போட்டது. "திருச்செந்தூர் கடையில வாங்கினேன். ஒண்ணு மட்டும் தர மாட்டேன்னுட்டான், ஜோடியா வாங்கியிருக்கேன்" என்றாள். தினமும் மருந்துப் பாலை முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத்தான் மகளுக்குக் கொடுப்பாளாம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாலாவது மாதம் கோமதிக்கு நெற்றியில் முடி வந்தது. மேலுதட்டிலும் வந்தது. சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை முந்திக்கொண்டது.

"பிள்ளைக மடியில உக்காந்துகிட்டு மூஞ்சியத் தடவுதுக அண்ணாச்சி. 'டீச்சருக்கு மீசை வருது'ன்னு ஒருத்தன் சொல்லுதான். அவனுக்கு மூணு வயசு. அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"'எங்க அப்பாவுக்கு இருக்கதைவிட நல்லா இருக்கு'ன்னு சொல்லலியா அவன்?" என்றேன்.

"அதையுந்தான் சொன்னான்" என்று அழுகையோடு சிரித்தாள்.

டாக்டர் நெற்றியைப் பார்த்தார், எழுதினார். "கிட்னி நல்லா இருக்கு. மருந்தைக் கொஞ்சங்கொஞ்சமா குறைப்போம். இப்ப இல்ல" என்றார்.

அப்புறம் மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் கோமதி வந்தாள் பாருங்கள், முகம் பளிச்சென்று இருந்தது. மேலுதடு சுத்தம். நெற்றியிலும் அனேகமாக ஒன்றும் இல்லை. மல்லிகைப்பூ வைத்திருந்தாள்.

"அண்ணாச்சி, எல்லாம் தன்னால உதிந்துட்டு! அம்மை முருகன்கிட்ட வேண்டிக்கிட்டா."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மகிழ்ச்சியோடு உள்ளே அழைத்துப் போனேன். டாக்டர் கையைப் பார்த்தார். தாள் அசையவில்லை. பல்லைப் பார்த்தார். நெற்றியை ஜன்னலுக்குத் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தார், திரும்பவும் நெற்றியைப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பிள்ளை வெளியே போனதும் என்னிடம் கேட்டார். "இசக்கி, மருந்தை நான் குறைக்கவே இல்லையே. முடி எதுக்குக் குறையுது?"

மூன்றாம் நாள் போன் வந்தது. போன தடவை வந்த எண்ணில் பாதிகூட இல்லை. அன்றைக்கு இங்கே எடுத்த இன்னொரு ரத்தத்தில் கிரியேட்டினின், எங்கள் பக்கம் "உப்பு" என்று சொல்வார்களே, அதுவும் ஏறியிருந்தது. உடம்பு கிட்னியை விரட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கிட்னி போய்விடும். அம்மா கொடுத்த கிட்னி. அப்புறம் கொடுப்பதற்கு யாரும் இல்லை.

உடனே வரச் சொன்னோம். மருந்துப் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னோம். நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். திறந்த தேதிக்குக் கணக்காகத்தான் குறைந்திருந்தது. ஒரு வேளை கூடத் தவறவில்லை.

டாக்டர் கோமதியைப் பார்த்துக் கேட்டார். "முடி வருதுன்னு மருந்தைக் கீழ ஊத்திட்டீங்களா? ஏச மாட்டேன். உண்மையைச் சொல்லுங்க."

"திருச்செந்தூர் முருகன் மேல சத்தியமா இல்ல சார். அம்மை கலக்கிக் குடுக்கதை ஒரு சொட்டு விடாம குடிக்கேன்."

"ஆமா சாமி. நாந்தான் தினமும் கையால கலக்கிக் குடுக்கேன். எம் பிள்ளை பொய் சொல்ல மாட்டா" என்று பேச்சியம்மாள் அழ ஆரம்பித்தாள்.

மருந்தைச் சரியாக அளந்திருக்கிறார்கள், பிள்ளை சரியாகக் குடித்திருக்கிறாள், ரத்தத்தில் மட்டும் இல்லை. எங்கே போயிற்று? டாக்டர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அழுகிற தாய்க்குத் தண்ணீர் கொடுப்போமே என்று டம்ளரை நீட்டினேன். வாங்கினாள். தண்ணீர் தளும்பி மடியில் சிந்தியது. அழுகையில் கை நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன். அழுகை நின்ற பிறகும் நடுங்கியது. அப்போதுதான் கவனித்தேன், அவள் ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. நெற்றி முழுக்கப் பூனைமுடி. வெயிலில் செம்பட்டையாக மின்னியது.

"சார்... அம்மாவைக் கையை நீட்டச் சொல்லுங்க."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எழுந்து வந்தார். "பேச்சியம்மா, கையை நீட்டுங்க." தாளை வைத்தார், தாள் படபடத்தது. "பல்லைக் காட்டுங்க." ஈறு தடித்திருந்தது. நெற்றியைப் பார்க்க அவளைத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ரொம்பப் பதமாகக் கேட்டார். "நீங்க எவ்வளவு குடிக்கீங்க?"

"பாதி" என்றாள் பேச்சியம்மாள்.

கோமதி, "யம்மா!" என்று கத்திவிட்டாள்.

"எதுக்குட்டி கத்துதே? கலக்கின பாலை ரெண்டு கிளாஸுலயும் சமமா ஊத்துவேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. தை மாசம் எனக்கு இந்தப் பக்கம் சுருக்கு சுருக்குன்னு வலிச்சுது. அப்பத்தான் புத்தியில உறைச்சுது. ரெண்டு கிட்னியும் எங்கிட்ட கூடப்பிறந்ததுக. ஒண்ணு உங்கிட்ட தினமும் ரெண்டு வேளை பாலும் மருந்துமா சாப்பிடுது. இன்னொண்ணு இங்க பட்டினி கிடந்து பாத்துக்கிட்டிருக்கு. ஒரு பிள்ளைக்கு ஊட்டிட்டு ஒரு பிள்ளையை விட்டா அதுக்கு ஏக்கம் தட்டாதா? ஏங்குத வலிதான் அது. மருந்து குடிச்ச பொறவு வலியும் நின்னுட்டு." என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சிதான சொன்னாக, கிட்னிக்குச் சாப்பாடு, பட்டினி போட்டா கோவிச்சுக்கிடும்னு!"

எனக்குத் தலை நிமிரவில்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. யாருக்கோ புரையேறிவிட்டது என்று நினைத்தேன். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, திரும்பவும் சிரித்தார். பக்கத்து அறை நர்ஸ்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு முகம் மாறியது. பேச்சியம்மாளுக்கு பிரஷர் பார்த்தார், ஏறியிருந்தது. அவளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். "இது உங்களுக்கு விஷம் மாதிரி. மிச்சம் இருக்க ஒரு கிட்னியையும் கெடுத்துரும். இன்னையோட நிறுத்தணும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆனால் அந்த ஆட்டலை எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் ஒரு கரண்டியாவது குடிப்பாள். பெற்ற மனசு விடாது. என் வார்த்தையால் முறுக்கின கயிறு அது, நான்தான் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது. கோமதியை அட்மிட் பண்ணிய பிறகு, வராந்தாவில் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யம்மா, நான் சொன்னது தப்பு. அது சாப்பாடு இல்ல."

"பின்ன என்னது?"

"உங்க ஒரு பிள்ளையைக் கட்டிக் குடுத்தாச்சு. அது இப்ப புது மருமகளா இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கு. அந்த வீட்டு ஆளுக, இவ யாரு எவன்னு ஏசுவாக, விரட்டப் பாப்பாக. அவுக வாயை அடைக்கதுக்குத்தான் தினமும் ரெண்டு வேளை அந்த மருந்து."

பேச்சியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்ககிட்ட இருக்கது பிறந்த வீட்டுப் பிள்ளை. அதை அங்கன யாரு விரட்டப் போறா? அதுக்கு எதுக்கு மருந்து? கட்டிக் குடுத்த மக வீட்டுக்குப் போய், அவ பங்கை அம்மைக்காரி பிடுங்கித் திம்பாளா?"

அவள் பட்டென்று எழுந்துவிட்டாள். "ஐயையோ! சம்பந்தக்காரன் வீட்டுல நான் கை நனைப்பனா? இத்தனை நாளா அந்தப் பாவத்தையா பண்ணிக்கிட்டிருந்தேன்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்த நிமிடமே எனக்கு நிம்மதி வந்தது.

உடம்பு விரட்டுவதை அடக்க கோமதிக்கு மூன்று நாள் ஊசி போட்டார்கள். தினமும் ரத்தம் நான்தான் எடுத்தேன். அந்த மூன்று நாளும் வேலைக்கு வரும்முன் நெல்லையப்பர் கோயிலுக்குப் போய் நின்றேன். என் நாக்கைத்தான் நொந்துகொண்டேன். நாலாம் நாள் உப்பு இறங்க ஆரம்பித்தது. பேச்சியம்மாளுக்கு பிரஷர் இரண்டு வாரத்தில் தன்னால் சரியாயிற்று. டாக்டர் என்னை ஏசவில்லை. "இசக்கி, அந்த மருமக கதையை இனி எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார். ஓய்வுபெறுகிறவரை சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து அவர்கள் வந்தது எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே கோமதியின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி! வந்துட்டு அண்ணாச்சி, வந்துட்டு! பய திரும்பவும் சொல்லிட்டான், டீச்சருக்கு மீசை வருதுன்னு!"

வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்த முடிக்காக அழுதாளோ அதை ஜன்னல் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். மேலப்பாளையத்துப் பாயும் அன்று வந்திருந்தார். "மாஷா அல்லா! இன்னும் ரெண்டு மாசத்துல என்னைப் பிடிச்சிருவ, தாயி" என்றார். வார்டே சிரித்தது. பின்னால் வந்த பேச்சியம்மாள் தன் நெற்றியைக் காட்டினாள். துடைத்த சிலேட்டு மாதிரி இருந்தது.

டாக்டர் இரண்டு பேருக்கும் கை, பல், நெற்றி பார்த்தார். "ரிசல்ட் வந்துட்டே" என்றார். ஆனாலும் ரத்தம் எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. ரத்தம் கொடுத்தாயிற்று, இனி காலை மருந்து குடிக்க வேண்டும். பேச்சியம்மாள் மடியிலிருந்து துணியில் பொதிந்த ஒன்றை எடுத்தாள். நீலப்பூ போட்ட கிளாஸ்.

"இது ரெண்டாவது கிளாஸ், அண்ணாச்சி. நான் குடிச்சது. இனி எங்க வீட்டுல இதுக்கு வேலை இல்ல. இங்க ரத்தம் குடுத்துட்டு மருந்து குடிக்கவுகளுக்கு ஆகும், வச்சுக்கிடுங்க."

பால் வாங்கிவந்தேன். கிளாஸைக் கழுவித் துடைத்தேன். குழாயில் கோடு பார்த்து மருந்தை எடுத்து, பாலில் விட்டு, கலக்கி, கோமதியின் கையில் கொடுத்தேன். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். நான் இன்னும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் கொடுத்தேன். அதையும் குடித்தாள். எதிரே நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தேன். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற தாய்மார்களுக்கு வாய் தானாகத் திறந்து மூடுமே, அதுபோல மகள் குடிக்கக் குடிக்க அவள் வாயும் திறந்து மூடியது. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தன.